வெயிலுக்கு ஏன் இரண்டு கணக்கு?

கோடை பிறந்தால் போதும், "வெயில் சதம் அடித்தது" என்று நாளேடுகள் கொட்டை எழுத்தில் அறிவிக்கத் தொடங்கிவிடும். சதம் அடிக்க வெயில் என்ன கிரிக்கெட் வீரரா? அந்த நூறு பாரன்ஹீட் கணக்கு. வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையோ செல்சியஸில் வருகிறது. நாங்கள் வகுப்பில் படிப்பதும் செல்சியஸ்தான்.

பாரன்ஹீட் என்ற அறிஞர் 1724-ல் தம் அளவுமுறையை வெளியிட்டார். அம்முறையில் பனிக்கட்டி உருகுவது 32 டிகிரி; நீர் கொதிப்பது 212. சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் செல்சியஸ் 1742-ல் இவ்விரு நிலைகளுக்கும் இடையே நூறு பங்கு வகுத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் குறித்தார். பின்னர்தான் அது தலைகீழாக மாற்றப்பட்டது.

ஒன்றை மற்றொன்றாக மாற்ற எளிய வழி உண்டு. செல்சியஸை இரட்டிப்பாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32-ஐக் கூட்ட வேண்டும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. இரட்டித்தால் 90, ஒன்பது போக 81, முப்பத்திரண்டு கூட்ட 113 பாரன்ஹீட்!

ஆனால் "இயல்பைவிட 4.5 டிகிரி அதிகம்" என்ற செய்தியை மாற்றும்போது 32-ஐக் கூட்டலாகாது. அது வெறும் வித்தியாசம்; விடை 8.1 மட்டுமே. எங்களுள் பலர் 40.1 என்று எழுதி ஆசிரியையின் சிரிப்புக்கு ஆளானோம்.

இது வகுப்பறைச் சிரிப்போடு முடிவதில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் தம்பிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. புதிய தெர்மாமீட்டர் 39 என்று காட்டியது. "நூறைத் தாண்டவில்லையே, பயமில்லை" என்று பாட்டி கஷாயம் வைக்கப் போய்விட்டார். 39 என்பது 102.2 என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பிறகே மருத்துவரிடம் ஓடினார்கள்.

வெயிலிலும் அந்த நூறு நம்மை ஏமாற்றுகிறது. வானிலைத் துறை வெப்ப அலையைக் கணக்கிடத் தொடங்கும் அளவு சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30. வெப்பம் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். 37 என்பது பாரன்ஹீட்டில் 98.6. ஆகவே 'சதம்' அடிக்காத நாளிலும் கடலோர ஊரில் வெப்ப அலை வீசலாம். "இன்னும் நூறு வரவில்லை" என்று நம்பிப் பூக்கூடையுடன் நடுப்பகலில் தெருவில் நிற்கும் அம்மாவுக்கு யார் பொறுப்பு?

"நூறு என்றால்தான் எங்களுக்குப் புரிகிறது" என்று பெரியவர்கள் கூறலாம். 1957-ல் அணா போய் நயா பைசா வந்தபோது நம் முன்னோர் பழகிக்கொள்ளவில்லையா? வெயிலுக்கும் அவ்வாறே பழகிக்கொள்ளலாமே!

நாளேடுகள் செல்சியஸையே முதலில் தரட்டும். எவ்வளவு வெப்பம் அந்தந்த ஊருக்கு ஆபத்து என்பதையும் சேர்த்து எழுதட்டும். நாங்களும் சும்மா இருக்கப் போவதில்லை. நாள்தோறும் காலையில் பள்ளி அறிவிப்புப் பலகையில் அன்றைய வெப்பத்தைச் செல்சியஸில் எழுதுவோம். மாலையில் அதை வீட்டில் பாட்டியிடம் சொல்லிப் பழக்குவோம். தங்கையரே, நீங்களும் எங்களோடு சேருங்கள்!