மலையேறும் லாரியில் ஒரு வாளி வெந்நீர்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நான்கு பக்கக் கடிதம் இம்மாதம் நமக்கு வந்தது. பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். ஆகவே கடிதத்தின் சாரத்தை மட்டும் வாசக சகோதரிகள்முன் வைக்கிறோம்.

அவருடைய கணவர் சிறு லாரி ஒன்றை வைத்துக்கொண்டு பாய், போர்வை, மிதியடி வியாபாரம் செய்கிறார். கார்த்திகை பிறந்ததும் சரக்கை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம், மதுரை வழியாக வடக்கே சென்று, மேட்டுப்பாளையத்தில் மலையேறிக் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று ஊர் ஊராக விற்றுவிட்டுத் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாட்களாகும். அறை எடுத்தால் இலாபம் அறைக்கே போய்விடும். சரக்குக்குக் காவலும் வேண்டும். எனவே படுக்கை லாரியில்தான். இரண்டாண்டுகளுக்கு முன் மார்கழிக் குளிரில் தெருக்குழாய் நீரில் குளித்துவிட்டுக் காய்ச்சலோடு வீடு வந்தவர், அதன்பின் மலையில் குளிப்பதையே விட்டுவிட்டார். “குளிக்காததோடு நின்றால் பரவாயில்லை; உடம்பு சுத்தமில்லை என்று சொல்லிப் பத்து நாளும் தொழுகையையும் விட்டுவிடுகிறார். அதுதான் என் மனத்தை அரிக்கிறது” என்று எழுதுகிறார் அந்தச் சகோதரி.

பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் இதற்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறான். லாரிக் கூரையில் 100 லிட்டர் தொட்டி, பாட்டரியில் ஓடும் சிறு மோட்டார், வெந்நீருக்குக் கேஸ் ஹீட்டர், பின்பக்கம் ஒரு ஷவர், சுற்றிலும் திரை. எல்லாவற்றையும் நோட்டில் படமாகவே வரைந்துவிட்டான். செலவு 18,000 ரூபாயாம். அத்தாவோ, “நான் வியாபாரத்துக்குப் போகிறேனா, மாப்பிள்ளை விருந்துக்குப் போகிறேனா?” என்று கேட்டு நோட்டை மூடிவிட்டார். மகன் ஒரு வாரமாக அவரோடு பேசவில்லை. பணமோ சகோதரியின் சீட்டுப் பணம். அடுத்த நடையில் மாமியை அழைத்துக்கொண்டு தாமும் உடன் போவதாக இருக்கிறார். “வண்டியில் தங்குகிறவர்களுக்கு வெந்நீரும் ஷவரும் தேவைதானா, வீண் ஆடம்பரமா?” என்பது அவருடைய கேள்வி.

சகோதரியே, வெந்நீர் தேவை, ஷவர் தேவையில்லை. உங்கள் மகன் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதிலும், உங்கள் கணவர் இரண்டையும் ஒன்றாக ஒதுக்கியதிலும்தான் சண்டை வந்திருக்கிறது.

உங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நிட்சேப நதியில் மழைக்காலத்துக்குப் பின் நீர் இருப்பது அரிதானாலும், கிணற்று நீர் மார்கழியிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். பம்புசெட் தொட்டியில் விழும் நீரில் தலையைக் கொடுத்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பச்சைத்தண்ணீர் என்றால் பயமில்லை. அதே உடம்பை, உறைபனி விழும் ஊட்டிக் காலையில், தூக்கம் கலைந்து போர்வையிலிருந்து எழுந்த மாத்திரத்தில் குழாய் நீரில் நனைத்தால் நடுங்காமல் என்ன செய்யும்? வயதும் ஏறிக்கொண்டிருக்கிறது. இதில் வீரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

‘தாத்துஸ் ஸலாஸில்’ படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கே ஆபத்தாகும் என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, அவர்கள் காரணத்தைக் கேட்டுச் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. உங்கள் கணவர் தொழுகையை விடுவதற்கு ‘குளிக்க முடியவில்லை’ என்பது காரணமாகாது என்பதை இதைக் கொண்டே அவருக்கு மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள். வேர்வையும் தூசியும் படிந்த உடம்பு வேறு, குளிப்புக் கடமையான நிலை வேறு. முன்னதற்கு ஒளுவே போதும். பின்னதற்குக் குளிப்பு வேண்டும். வெந்நீர் கிடைக்குமானால் தயம்முமுக்குப் போக வேண்டிய நிலையே வராது. எந்த நிலையில் எது பொருந்தும் என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் அவர் நேரில் கேட்டுத் தெளிவு பெறட்டும். நாம் இங்கே தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம்.

ஷவரைத் திறந்தால் நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரை நீர் போகும். ஐந்து நிமிடம் நின்றால் 40, 50 லிட்டர். மகன் வரைந்த தொட்டி இரண்டு குளியலில் காலி. ஆனால் அந்த 100 லிட்டர் 100 கிலோ எடை. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும் வண்டியின் உச்சியில், தொட்டி பாதி காலியாகித் தண்ணீர் இப்படியும் அப்படியும் அலையடிக்கும் நிலையை அவனே எண்ணிப் பார்க்கட்டும். பதிவுச் சான்றில் கண்டபடி அன்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கிறது.

பாட்டரிக் கணக்கு இன்னும் மோசம். 15 பாகை குளிர்ந்த நீர் 50 லிட்டரை உடம்புக்கு இதமான 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியைக் கடைசித் துளி வரை வடித்தாலும் ஒன்றேகால் யூனிட்டுக்குக் குறைவே. ஒரு குளியலுக்குக்கூடக் காணாது. காலையில் வண்டியும் கிளம்பாது. ஓட்டுநர் இருக்கையருகே செருகும் சிறு வெந்நீர்க் கம்பிகளும் கடைகளில் உண்டு. அவை ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தேநீருக்கு ஆகும், குளியலுக்கு ஆகாது.

கேஸ் ஹீட்டரை நாம் முற்றாக மறுக்கிறோம். 2023 ஆகஸ்டு 26 அதிகாலையில், மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா இரயில் பெட்டியில், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். தீயுமில்லை, காயமுமில்லை. ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவே அவர்கள் உயிரைக் குடித்தது. இதற்கு நிறமில்லை, மணமில்லை; தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். குளிருக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு லாரிக்குள் அடுப்போ கரிச்சட்டியோ வைப்பதும் இதே கதிதான். போர்வையும் பாயும் ஏற்றிய வண்டியில் நெருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் வெந்நீருக்கு வழி? உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்திலேயே அது இருக்கிறது. ஒவ்வோர் இரவும் உங்கள் கணவர் ஏதாவதொரு உணவு விடுதியில்தான் சாப்பிடுகிறார். வழக்கமான கடைக்காரர்கள் பழக்கமும் இருக்கிறது. மூன்று லிட்டர் பிடிக்கும் நல்ல எஃகு ஃபிளாஸ்க் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். சாப்பிட்டு எழும்போது கொதிநீரை அதில் நிரப்பி, கேட்கும் காசைக் கொடுத்துவிட்டு வரட்டும். காலையில் அது 75 பாகை அளவில் இருந்தால்கூட, 15 பாகைக் குளிர்நீர் நான்கு லிட்டரைச் சேர்க்க, ஏழு லிட்டர் இதமான வெந்நீர் வாளியில் கிடைக்கும்.

‘ஏழு லிட்டரில் ஒரு மனிதன் குளிப்பதா?’ என்று மகன் கேட்பான். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் ஒளுவும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து ‘முத்து’ வரையுள்ள நீரில் குளிப்பும் செய்துவந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. நான்கு ‘முத்து’ ஒரு ‘ஸாஉ’. இன்றைய அளவில் ஒரு ஸாஉ மூன்று லிட்டரை ஒட்டி வரும். கணக்கிடுவோர்க்கிடையே சற்றுக் கூடும், குறையும். தமக்கு ஒரு ஸாஉ போதாது என்றவரிடம், ‘உம்மைவிட அடர்ந்த முடியுடைய சிறந்தவருக்கு அது போதுமாயிருந்தது’ என்னும் பொருள்பட ஜாபிர் (ரலி) அவர்கள் விடையளித்த செய்தியும் புகாரியில் உண்டு. அந்த அளவில் இரண்டு பங்குக்கு மேலாக நம் ஃபிளாஸ்க் தருகிறது. முதலில் ஒரு செம்பால் உடம்பை நனைத்து, சோப்புத் தேய்த்து, மீதியை மெதுவாக ஊற்றிக் கழுவினால் கடைசியில் பாதத்துக்கும் நீர் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை. வாளியில் குளிர்நீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரைச் சேர்த்துக் கைவிட்டுப் பார்த்தே குளிக்க வேண்டும். 60 பாகை நீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். இருட்டில் அரைத் தூக்கத்தில் எழுந்தவருக்கு அது தெரியாது.

ஷவர்தான் வேண்டுமென்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், செடிக்கு ஊற்றும் ஐந்து லிட்டர்ப் பூவாளியைக் காட்டுங்கள். அதன் வாயிலும் துளைகள்தானே இருக்கின்றன! விளையாட்டாகச் சொல்லவில்லை. முழங்கால் மடங்காத, குனிந்து செம்பில் மொண்டு ஊற்ற முடியாத உங்கள் மாமிக்கு அது உண்மையாகவே உதவும். அவர் முக்காலியில் அமர்ந்திருக்க, நீங்கள் பின்னால் நின்று பூவாளியால் ஊற்றலாம். ஆனால் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். வயலில் பூச்சிமருந்து தொட்ட எந்தப் பாத்திரமும், எத்தனை முறை கழுவினாலும், குளியலுக்கு ஆகாது.

பெண்கள் உடன் போகும்போது கணக்கே மாறிவிடுகிறது. ஆண்பிள்ளை குழாயடியில் துண்டைக் கட்டிக்கொண்டு குளித்துவிடுவான். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையங்களை ஒட்டி லாரி ஓட்டுநர்களுக்காக அமைத்துள்ள ‘அப்னா கர்’ ஓய்வகங்களில் படுக்கையும் குளிக்குமிடமும் உண்டு. அவையும் ஆண்களை எண்ணிக் கட்டியவையே. (இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, பெரிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகிவிட்டது. நல்ல காரியம்தான். சாலையோரக் குளியலறையைப் பற்றியும் யாராவது சட்டம் போட்டால் நாம் வாழ்த்துவோம்.) பெண்ணுக்கு வேண்டியது முதலில் மறைப்பு, பிறகு நீர். நான்கு பக்கமும் தரை வரை இறங்கும், வெளிச்சம் ஊடுருவாத தடித்த துணித்திரைக்காகச் செலவழிக்கும் பணம் வீணல்ல. இரவில் உள்ளே விளக்கு வைத்தால் நிழல் வெளியே தெரியும் என்பதையும் மறவாதீர்கள். விளக்கைத் திரைக்கு வெளியே உயரத்தில் தொங்கவிடுங்கள்.

தலைமுடிக்கு அதிக நீர் வேண்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். கடமையான குளிப்புக்காகப் பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கேட்டபோது, தேவையில்லை, தலையில் மூன்று கை நீர் ஊற்றினால் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிமில் காண்கிறோம். மேலும் விளக்கம் வேண்டுமானால் ஆலிமிடம் கேளுங்கள். எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போடும் குளியலை வீடு திரும்பும்வரை தள்ளிப்போடுவதில் நட்டமில்லை. மலையில் ஈரத்தலை காய ஒரு பகல் முழுதும் ஆகும். சோப்பு நீரை ஓடையிலோ ஊற்றருகிலோ விடாதீர்கள். கீழேயுள்ளவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள்.

ஆக மொத்தம் ஒரு ஃபிளாஸ்க், மூடியுள்ள வாளி, செம்பு, பூவாளி, 20 லிட்டர் கேன் இரண்டு, முக்காலி, திரை. 18,000 ரூபாயில் பெரும்பகுதி உங்கள் சீட்டுப் பணத்திலேயே மிஞ்சும்.

மகனிடம் ‘உன் திட்டம் பயனற்றது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அத்தாவின் உடம்பையும் தொழுகையையும் எண்ணி வரைந்த படம் அது. அனுப்பியிருக்கும் பிரதியைப் பார்த்தோம். தொட்டியும் மோட்டாரும் ஹீட்டரும் போகட்டும். பின்கதவின் இரு மூலைகளிலும் மடித்து வைக்கும்படி அவன் வரைந்துள்ள திரைக்கம்பி மிக நேர்த்தியானது. வண்டியில் துளை போடாமல் கொக்கி மாட்டும்படி அதைச் செய்து தரச் சொல்லுங்கள். அளவெடுப்பதற்காவது இருவரும் பேசித்தானே ஆகவேண்டும்.