பத்து மணிக்குப் பின் பறை ஒலிக்கக் கூடாதா?

சென்னை இசைமன்றம் ஒன்றில் அமர்ந்திருப்பார்க்கு இரவு பத்து மணி ஒரு பொருட்டே அன்று. கதவு சாத்தியிருக்கிறது, நாற்புறமும் சுவர் உயர்ந்திருக்கிறது, பாடுவோர்க்கு விருப்பமும் கேட்போர்க்குப் பொறுமையும் இருப்பின் பதினொன்று வரையும் பாடலாம், தடுப்பாரில்லை. அதே பத்து மணி, செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூரிலோ, நகரம் விழுங்கிவிட்ட பழைய ஊரொன்றின் துரோபதையம்மன் திடலிலோ வேறு பொருள் கொள்கிறது. கூத்தர் அரிதாரம் பூசி, மரத்தாலான முடியும் தோட்கட்டையும் பூட்டி, மத்தளத்தின் வார் இறுக்கி, கட்டியங்காரன் திரைமுன் வந்து நிற்கும் வேளை அது. அந்த வேளையில்தான் ‘நேரம் முடிந்தது’ என்று காவலர் வந்து சொல்கிறார். தொடங்காத ஒன்று எப்படி முடியும் என்று அவரைக் கேட்பாரில்லை.

நடுவணரசு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒலிமாசு விதிகள், இரவு 10 மணி தொட்டுக் காலை 6 மணிவரை உள்ள பொழுதையே இரவு என வரையறுக்கின்றன. தொண்டை நாட்டுக் கூத்தோ இரவு பத்தையொட்டித் தொடங்கிக் கீழ்வானம் வெளுக்கும்போது முடிவது. சட்டம் ஒலிக்கக் கூடாதென்று வேலியிட்ட எட்டு மணி நேரமும், கூத்து வழிவழியாக வாழ்ந்துவந்த எட்டு மணி நேரமும் அப்படியே ஒன்றாக அமைந்துவிட்டன. இவ்விதிகளை வரைந்தோர் கூத்தை ஒழிக்கவேண்டும் என்று திட்டமிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படியொரு கலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் நம் குற்றச்சாட்டு. தில்லியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும் அரசிதழில் மத்தளக்காரனுக்கு இடமேது?

இரைச்சலுக்காக வழக்குரைக்க நாம் வரவில்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவோம். உச்ச முறைமன்றம் 2005 சூலை 18-இல் அளித்த தீர்ப்பின் வேர் எங்கே இருக்கிறது என்பதை எண்ணிப்பார்த்தால் எவரும் அதை எளிதாகப் பழிக்கமாட்டார். வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியின் கூக்குரல், அண்டையில் அலறிய ஒலிபெருக்கியின் ஓசையில் எவர் செவிக்கும் எட்டாமற்போயிற்று. அக்கொடுமையே அவ்வழக்கிற்கு வித்து. நோயுற்றுக் கிடப்போர்க்கும், கைக்குழந்தையை உறங்கவைக்கும் தாய்க்கும், பங்குனி சித்திரையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அமைதி உரிமை. இதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் அவ்வுரிமையைக் காக்க வரைந்த விதி எதை அளக்கிறது? ஓசையை அளக்கிறதா, சுவரை அளக்கிறதா? இரவில் ஒலிபெருக்கி இயங்கக் கூடாது என்று சொல்லும் அதே விதி, அரங்கங்கள், மாநாட்டுக் கூடங்கள், ஊர்ப் பொதுக்கூடங்கள், விருந்துக் கூடங்கள் முதலான அடைத்த கட்டடங்களுக்கு விலக்கு அளிக்கிறது. கட்டடம் உடையவன் இரவிலும் பாடலாம். திடல் மட்டும் உடையவன் வாய்மூடவேண்டும். மார்கழித் திங்களில் குளிர்ப்பெட்டி பூட்டிய மன்றங்களில் நிகழும் கச்சேரிகளுக்கு இவ்விதியால் ஒரு நாளேனும் ஊறு நேர்ந்ததுண்டா? நேராது. அங்கே தமிழ்ப்பாட்டுக்கு இடம் கேட்டு 1941-இல் அண்ணாமலைநகரில் மாநாடு கூட்டிப் போராட வேண்டியிருந்தது என்பது வேறு கதை. இன்றோ, தமிழன்றி வேறொன்றும் பாடாத கூத்தன் வெட்டவெளியில் நிற்கிறான். விதி அவனைத்தான் பிடிக்கிறது.

இன்னும் கேளுங்கள். தொடக்கத்தில் இவ்விதி ஒலிபெருக்கியைப் பற்றியதாகவே இருந்தது. 2010 சனவரியில் செய்த திருத்தத்தில் ‘ஒலியெழுப்பும் கருவி’, ‘இசைக்கருவி’ என்னும் சொற்களும் சேர்க்கப்பட்டன. ஆக, மின்கம்பியே தொடாத பறையும், உறுமியும், முகவீணையும், நாகசுரமும் இரவில் குற்றவாளிகளாயின. 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கட்டளைகளிலேயே இதற்கு முன்னோட்டம் இருக்கிறது. இரவில் எவரும் முரசு அறையவோ, ‘டம்-டம்’ கொட்டவோ, ஊதுகொம்பு ஊதவோ கூடாது என்கிறது அது. ‘டம்-டம்’ என்பது என்ன கருவி என்று அன்பர்கள் மருளவேண்டா. கீழை நாட்டு மக்களின் கைப்பறைகளுக்கெல்லாம் வெள்ளையன் இட்டழைத்த பொதுப்பெயர் அது. தண்ணுமை, முழவு, பறை, கிணை, தடாரி, உடுக்கை, பம்பை எனத் தோற்கருவிக்குத் தோற்கருவி தனிப்பெயரும் தனிப்பொழுதும் வகுத்த ஓர் இனத்தின் கருவிகள், அந்த ஒற்றை ஓசைச்சொல்லுக்குள் அடைபட்டு முறைமன்றப் படி ஏறியிருக்கின்றன.

அளவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 தெசிபல், இரவில் 45 தெசிபல் என்பது வரம்பு. பொது இடத்தின் எல்லையில் நின்று அளந்தால், அப்பகுதி வரம்புக்கு மேல் 10 அல்லது மொத்தம் 75, இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அப்படியானால் குடியிருப்பின் நடுவே உள்ள கோயில் திடலின் எல்லையில் இரவில் 55. இருவர் அருகருகே அமர்ந்து இயல்பாக உரையாடும் ஓசையே ஏறத்தாழ 60 தெசிபல் என்பர். ஊரே கூடியிருக்கும் விழாவில், கூத்தர் வாய் திறக்கவேண்டா, பார்ப்போர் வெற்றிலை மடித்துக்கொண்டு பேசினாலே விதி மீறப்பட்டுவிடும்!

இந்த வரம்பு நகரத்தின் மற்றை ஓசைகளுக்கும் உண்டு என்பதை யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா? சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு கிறித்தவ வழிபாட்டு மன்றத்தின் பாட்டும் மேளமும் தொல்லை தருகின்றன என்று அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கு உச்ச முறைமன்றம்வரை சென்று 2000 ஆகத்து 30-இல் தீர்ப்பாயிற்று. அவ்விடத்தை அளந்தபோது, ஊர்திகளின் ஓட்டத்தால் எழும் இரைச்சலே பெரிது என்று சொல்லப்பட்டதும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. எனினும் கட்டுப்பாடு யாருக்கு வந்தது? பாட்டுக்கும் மேளத்துக்கும் வந்தது. ஊர்திகள் இன்றும் ஊதிக்கொண்டே போகின்றன. சென்னை உள்ளிட்ட 7 பெருநகரங்களில் 2011 முதல் ஓசையளவிகள் நிறுத்தப்பட்டு இரவும் பகலும் கணக்கெடுக்கின்றன. கணக்கெடுப்பதோடு சரி. பேருந்தின் ஊதொலியைப் பத்து மணிக்கு நிறுத்தச் சொன்ன காவலரை நாம் கண்டதில்லை.

ஆனால் நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கலாகாது. கூத்துக்கு இப்பழி வந்ததற்கு முதற் கரணியம் ஒலிபெருக்கி. அதைக் கொண்டுவந்து கட்டியவர்கள் விழாக் குழுவினரே. கூத்தன் தன் குரலாலேயே ஆயிரம் பேரை எட்டியவன். அடிவயிற்றிலிருந்து எழும் அந்த உச்சக்குரல் திறந்தவெளிக்கென்றே பயிற்றப்பட்டது. வெட்டவெளியில் ஓரிடத்திலிருந்து எழும் ஓசை, தொலைவு இரு மடங்காகுந்தோறும் 6 தெசிபல் குறைந்துகொண்டே போகும். திடலில் உள்ளவனுக்கு முழக்கமாகக் கேட்பது, ஊர்க்கோடியில் உள்ளவனுக்குத் தாலாட்டாகத் தேய்ந்துவிடும். அதுவே இயற்கை இட்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கைக் கெடுத்து, தெருவுக்குத் தெரு மரத்தின்மேல் கூம்புக் குழல்களைக் கட்டி, விடியற்காலை நான்கு மணிக்குத் திரைப்பாட்டைப் போட்டு, இறந்தவன் வீட்டிலும் மணவீட்டிலும் அதே குழலை அலறவிட்டவர்கள் யார்? கட்சிக் கூட்டக்காரனும் கோயில் அறங்காவலனும் போட்டியிட்டுக்கொண்டு செய்த அந்தக் கூத்துக்கு, உண்மையான கூத்தன் தண்டம் கட்டுகிறான். காவல்துறை இன்று கூம்புக் குழலை விலக்கிப் பெட்டி வகையை மட்டும் ஒப்புகிறதென்றால், அது சரியே என்போம். பெட்டியும் வேண்டா என்பது நம் தனிக் கருத்து.

நகரம் வளர்வதால் இச்சிக்கல் சிற்றூருக்கும் படர்கிறது. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் அதனுள் மறைந்தன. அவற்றில் பல நேற்றுவரை ஏரியும் வயலும் களமும் உடைய ஊர்கள். ஆண்டுதோறும் பாரதம் படித்துக் கூத்து வைத்த ஊர்கள் அவற்றுள் உண்டு. 2022-இல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனி மாநகரக் காவல் ஆணையகங்கள் வந்தன. ஊர் நாட்டாண்மையின் ஒரு சொல்லில் நடந்த விழாவுக்கு இன்று விண்ணப்பம், உறுதிமொழி, காவல் நிலைய இசைவு என்று தாள்மேல் தாள் வேண்டியிருக்கிறது. அத்திடலைச் சுற்றி அடுக்குமாடி எழுப்பிக் குடியேறியவர் முறையிடுகிறார். விழா முந்தியதா, அவர் வீடு முந்தியதா என்பதை எவரும் கேட்பதில்லை.

பத்து மணியோடு நிறுத்தினால் என்ன, மாலையிலேயே ஆடிவிட்டுப் போகலாமே என்பார் உண்டு. கூத்தை அறியாதார் கூற்று அது. பாரதக் கதை வடவர் கதைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கதைக்கு நம் மக்கள் கொடுத்த அடவும் பாட்டும் தாளமும், அதை நிலத்தோடு பிணைத்த முறையும் முழுக்க நம்முடையவை. பதினெட்டாம் போர்க் கூத்து இரவெல்லாம் நடந்து, விடிந்தபின் ஊர்த்திடலில் மண்ணால் கிடத்திய துரியோதனன் உருவத்தின்மேல் படுகளமாக முடிகிறது. இரவு முழுதும் கண்விழித்த மக்கள், அந்த விழிப்போடேயே படுகளத்துக்கு நடக்கிறார்கள். இடையிலே கூத்தை வெட்டிவிட்டு, ‘போய் உறங்கிவிட்டுக் காலையில் வாருங்கள்’ என்றால் படுகளம் வெறும் மண்மேடு. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்ற பேராசான்கள் கட்டிக்காத்த முழு இரவுக் கூத்து, இரண்டு மணி நேரக் காட்சியாகச் சுருங்கினால், பாட்டில் முக்காற்பங்கு பாடப்படாமலே போகும். பாடப்படாத பாட்டு அடுத்த தலைமுறையின் நாவில் ஏறுவதெப்படி? ஏட்டில் எழுதி வைத்துக் காக்கும் கலையன்று இது. கூலியும் குறையும்; இரவு முழுதும் ஆடினால் ஊர் கொடுக்கும் பணத்தை இரண்டு மணி நேரத்துக்குக் கொடுக்குமா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2007-இல் தொடங்கிய சென்னைச் சங்கமம், இடையில் நின்று, 2023 முதல் பொங்கலையொட்டி மீண்டும் நடக்கிறது. பூங்காவிலும் கடற்கரையிலும் பறையும் கரகமும் ஒயிலும் மாலை வேளைகளில் நகர மக்கள் கண்முன் வருகின்றன. சாவுக்கு மட்டுமே உரியதென்று இழித்துரைக்கப்பட்ட பறை, அரசு மேடையில் முழங்குவது கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் அது துண்டு துண்டான காட்சி. விருந்தன்று, சுவை பார்க்கக் கொடுத்த கவளம். நகரத்தான் பார்க்கும் துண்டைப் போற்றிவிட்டு, ஊரான் பார்க்கும் முழுமையைப் பத்து மணிக்கு நிறுத்துவது எவ்வகை முறை?

விதியிலேயே ஒரு வழி உண்டு. விழாக் காலங்களில், ஓராண்டில் மொத்தம் 15 நாள்களுக்கு மிகாமல், 10 மணி வரம்பை 12 மணிவரை தளர்த்த மாநில அரசுக்கு உரிமை தரப்பட்டிருக்கிறது. அந்தத் தளர்வு செல்லும் என்று உச்ச முறைமன்றமும் 2005 அக்தோபரில் சொல்லிவிட்டது. மராட்டிய அரசு ஆண்டுதோறும் தன் பிள்ளையார் விழாவுக்கும் ஒன்பதிரவு விழாவுக்கும் இந்நாள்களைக் குறித்து அறிவித்துப் பயன்கொள்கிறது. மாநிலம் முழுமைக்கும் ஒரே நாளாக அன்றி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாகக் குறிக்கவும் விதி இடந்தருகிறது. காஞ்சி, திருவண்ணாமலை, விழுப்புரப் பகுதிகளில் மாசி தொட்டு ஆடிவரை ஊருக்கொரு நாளில் கூத்து நடக்கிறது. ஆதலால் நமக்கு ஏற்றது மாவட்ட முறையே. புகார் நகரத்தில் இந்திர விழாவை 28 நாள் எடுத்ததாக மணிமேகலை கூறும். நமக்கு வாய்த்தது 15 நாள். அதையேனும் கேட்டுப் பெறவேண்டாவா?

ஆனால் 12 மணி என்பதும் கூத்துக்குப் பாதி இரவே. ஆகவே நம் கோரிக்கையின் உயிர்நிலை வேறு. மின்பெருக்கி இன்றி, குரலாலும் கையாலும் மூச்சாலும் மட்டுமே எழுப்பும் இசையை 2010 திருத்தத்தின் பிடியிலிருந்து நீக்கவேண்டும். நடுவணரசின் விதியாதலால் மாநில அரசு இதைத் தானே செய்துவிட முடியாது. சட்டமன்றத்தில் தீர்மானம் இயற்றித் தில்லிக்கு விடுக்கலாம், அங்குள்ள நம் உறுப்பினர் நாற்பதின்மர் எழுந்து கேட்கலாம். அதற்கு ஈடாக விழாக் குழுக்கள் ஒலிபெருக்கியை முற்றாகக் கைவிட ஒப்பவேண்டும்; மருத்துவமனையை அடுத்த 100 மீட்டருக்குள் களம் அமைப்பதில்லை, பொதுத்தேர்வு நாள்களில் கூத்து வைப்பதில்லை என்றும் உறுதி கூறவேண்டும். கொடுத்து வாங்கும் இவ்வேற்பாட்டுக்கு ஊர்கள் உடன்படும் என்றே நம்புகிறோம்.

தைப்பொங்கலுக்கு முன்பே ஒவ்வோர் ஊரும் தன் விழா நாளையும், கூத்து நடக்கும் இரவுகளின் தொகையையும், திடலின் இருப்பையும் எழுதி மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுக்கட்டும். படி ஒன்றை ஒப்புகை முத்திரையுடன் கையில் வைத்துக்கொள்ளட்டும். விண்ணப்பம் தமிழிலேயே இருக்கட்டும். விடையும் தமிழிலேயே வரவேண்டும் என்று அதன் அடியிலே ஒரு வரி எழுதிவிடுங்கள்.