திரையில் வராத ஜேம்ஸ் பாண்ட் கார்... 45 கோடிக்கு ஏலம் போனது எப்படி?

2019 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவில் நடந்த ஆர்எம் சோதபீஸ் ஏலத்தில், 1965-ம் ஆண்டு ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார் ஒன்று 63.85 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் சுமார் 45 கோடி ரூபாய்!

இத்தனைக்கும் இது எந்தப் படத்திலும் ஓடிய கார் இல்லை. 'தண்டர்பால்' பட விளம்பரத்துக்காகத் தயாரான இரண்டு கார்களில் ஒன்று, அவ்வளவுதான். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் நிஜமாகவே ஓடிய கார்கூட 2010-ல் சுமார் 46 லட்சம் டாலருக்குத்தான் போனது. இடையில் சந்தை ஏறியது உண்மைதான். ஆனா அது மட்டும் காரணமில்லை.

பெயின்ட், சீட், துப்பாக்கி, சுழலும் நம்பர் பிளேட் என எல்லாமே சுவிட்சர்லாந்தில் பழுதுபார்க்கப்பட்டு, 2012-ல் புதுசு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் எதை வைத்து இது 'அதே' கார்னு நம்புவது? சேசிஸ் எண்ணும் ஆவணங்களும்தான். முதலில் படக் கம்பெனி, பிறகு 35 வருஷம் அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் ஒரு மியூசியம், 2006-ல் ஏலம் என யார் கையில் எப்போது இருந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

அதே வசதிகளோட ஆஸ்டன் மார்ட்டினே 2020 முதல் 25 புது கார்களைச் செய்தது. வரி போக விலை 27.5 லட்சம் பவுண்டு. ஆனா ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது!

'கோல்ட்ஃபிங்கரில்' துப்பாக்கியும் புகையுமாக வந்த இன்னொரு கார், 1997-ல் ஃபுளோரிடா விமான நிலைய ஹேங்கரில் திருடுபோனது. அதன் சேசிஸ் எண் டிபி/216/1. இது கார் பிரியர்கள் பலருக்கும் தெரிந்த எண். அதனால, வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் வெளிப்படையான ஏலத்துக்கு அதைக் கொண்டுவர முடியாது.