பரிதி: சொல்லும் பொருளும்

"வட்டத்தின் பரிதியைக் கூறு" என்றால் நம் மாணவியர் "இரண்டு பை ஆர்" என்று ஒரே குரலில் கூறிவிடுவர். "அந்தப் பரிதி எங்கே இருக்கிறது? விரலால் தொட்டுக் காட்டு" என்றால் பலர் விழிப்பர்; சிலர் வட்டத்தின் நடுவைத் தொடுவர். வாய்பாடு தெரிகிறது, அது எதைப் பற்றிய வாய்பாடு என்பது தெரியவில்லை. கணிதம் என்றாலே அஞ்சும் நிலைக்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது என் கருத்து. சொல்லின் பொருளை அறிந்த பின்னரே வாய்பாட்டை மனனம் செய்ய வேண்டும்.

வட்டத்தின் விளிம்பை ஒருமுறை சுற்றி வரும் தூரமே பரிதி. ஒரு வளையலின் வெளிப்புறத்தில் நூலைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்தில் வெட்டி, அந்த நூலை நேராக நீட்டிப் பாருங்கள். அதன் நீளமே வளையலின் பரிதி. வளையலுக்குள் அடங்கிய இடம் பரப்பு. முன்னது சென்டிமீட்டரில் கூறப்படும். பின்னது சதுர சென்டிமீட்டரில் கூறப்படும்.

பரிதி வடமொழியிலிருந்து வந்த சொல். 'பரி' என்பது 'சுற்றிலும்' எனப் பொருள்படும். ஞாயிறு, மதியைச் சூழ்ந்து தோன்றும் ஒளிவட்டம், சக்கரம் ஆகியவற்றையும் தமிழ் அகராதிகள் இச்சொல்லின் பொருள்களாகத் தருகின்றன. பெரும்பாணாற்றுப்படையின் தொடக்கத்திலேயே ஞாயிறு 'பருதி' எனப்படுவதைக் காணலாம். இதே அளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'சர்க்கம்ஃபரன்ஸ்' இலத்தீனிலிருந்து பிறந்தது. 'சுற்றிக் கொண்டு செல்லுதல்' என்பது அதன் வேர்ப்பொருள். பொருளோடு கற்றால் சொல் மறக்குமோ?

"சுற்றளவு என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கப் பரிதி எதற்கு?" என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்வியே. சுற்றளவு வீட்டிலுள்ள எல்லோருக்கும் புரியும் சொல். ஆதலின் பாடத்தை அதிலிருந்தே தொடங்குதல் நன்று. ஆயினும் சதுரத்துக்கும் வயலுக்கும்கூடச் சுற்றளவு உண்டு. அவற்றின் பக்கங்களை அளவுகோலால் அளந்து கூட்டிவிடலாம். வட்டத்துக்கோ பக்கமே இல்லை. அளவுகோல் அதன்மேல் படியாது. நூல் வேண்டும்; அல்லது விட்டத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். இத்தனித்தன்மைக்கு ஒரு தனிச்சொல் தேவை. 'கணக்கதிகாரம்' என்னும் பழந்தமிழ்க் கணித நூலில், பரப்பைக் காணும் முறையில், 'வட்டம்' என்ற சொல்லே சுற்றளவைக் குறிக்கிறது. உருவத்துக்கும் அதன் விளிம்புக்கும் ஒரே பெயர் இருந்தால் கற்பவர் குழம்புவர் அன்றோ?

விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்றே கூடுதலானது பரிதி. வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இந்த உறவு மாறாது. சாலமோன் அரசரின் கோவிலில் இருந்த வெண்கலத் தொட்டி பற்றி அரசர் முதல் நூல் 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதன் விட்டம் 10 முழம். சுற்றிப் பிடிக்கும் நூல் 30 முழம். கணக்கிட்டால் 31 முழத்துக்கும் சற்று மிகும்; விவிலியம் முழு எண்களில் கூறுகிறது. கி.பி. 499இல் ஆரியபட்டர் 20,000 விட்டமுள்ள வட்டத்தின் பரிதி 62,832 என்று கூறி, அதுவும் தோராயமே என்று குறிப்பிட்டார். 22/7 என்பதும் தோராயமே என்பதை மாணவியர் மறவாதிருப்பார்களாக.

இதன் பயன் என்ன? 140 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேசை விரிப்பின் ஓரத்தில் லேஸ் தைக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பரிதி 440 செ.மீ.; எனவே நாலரை மீட்டர் லேஸ் வாங்கினால் போதும். பொருள் அறியாது வாய்பாட்டை மாற்றிப் போடுபவள் 15,400 என்ற விடையோடு நிற்பாள். அது விரிப்பின் பரப்பு. அதைக் கடைக்காரரிடம் சொல்லி எத்தனை மீட்டர் லேஸ் கேட்பாள்?

வளையல் கடையில் 2-4 என்பது உள்விட்டம். 2 அங்குலமும், ஓர் அங்குலத்தில் 16இல் 4 பங்கும், அதாவது இரண்டே கால் அங்குலம். தையல்காரரோ இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடிக்கிறார். ஒருவர் விட்டத்தை அளக்கிறார். மற்றவர் சுற்றை அளக்கிறார். "பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்று சொல்லும் வீடுகளிலும், தாய்மார் இந்த இரு அளவுகளையும் தடுமாற்றமின்றிக் கையாண்டு வருகின்றனர்!

விளையாட்டு விழாவில் முழுச் சுற்று ஓடும் போட்டியைக் கவனித்திருப்பீர்கள். வெளித்தடத்தில் நிற்பவளை முன்னே தள்ளி நிறுத்துகிறார்களே, அது சலுகையன்று. தடத்தின் அகலம் 1 மீட்டர் என்றால், அடுத்த தடத்தின் சுற்று ஏறத்தாழ 6.28 மீட்டர் மிகும். அந்தத் தூரத்தை ஈடுசெய்யவே அவள் முன்னே நிற்கிறாள். மைதானம் 200 மீட்டர் ஆனாலும் 400 மீட்டர் ஆனாலும் இந்த 6.28 மாறுவதில்லை என்பது வியப்பன்றோ!

கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இன்றைக்கு 2,200 ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் பரிதியைக் கணித்தார். அவர் உலகைச் சுற்றி வரவில்லை. எகிப்தின் இரு நகரங்களில் நண்பகல் வெயில் விழும் கோண வேறுபாடு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டார். அந்நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை 50ஆல் பெருக்கினார். பரிதி என்பது 'சுற்றி வரும் தூரம்' என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்ததே அச்சாதனையின் அடிப்படை.

ஆகவே மாணவியரே, புதிய சொல் ஒன்று பாடத்தில் வரும்போது வாய்பாட்டுக்குத் தாவுமுன், "இது எதன் பெயர்?" என்று கேளுங்கள், ஆசிரியையிடம் கேட்கத் தயங்காதீர்கள். பெற்றோரே, உங்கள் மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், ஒரு தட்டையும் நூலையும் கொடுத்துப் பரிதியைக் காட்டச் சொல்லுங்கள். அவள் நூலைச் சரியாகச் சுற்றிவிட்டால் வாய்பாடு தானே வந்து சேரும்.