மருந்துக்கு அளவு சொல்வது யார்?

கஞ்சா என்றாலே போலீசும் ஜெயிலும்தான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் கதை வேறு. நோயாளிகள் டாக்டர் சிபாரிசு செய்தால் கஞ்சா வைத்துக்கொள்ளலாம், வளர்க்கலாம் என்று 1996 நவம்பரில் ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டு வந்தார்கள். நூற்றுக்கு 55 பேருக்கு மேல் ஆதரவு!

ஆனால் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

2003-ல் மாகாண சட்டசபை ஒரு கணக்குப் போட்டது. உலர்ந்த சரக்கு 8 அவுன்சு (சுமார் 227 கிராம்). முதிர்ந்த செடி 6, அல்லது இளஞ்செடி 12. அதற்கு மேல் வேண்டுமானால் டாக்டர் தனியாகச் சொல்ல வேண்டும்.

12 அவுன்சு வழக்கு

2005-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே லேக்வுட்டில் ஒரு நோயாளியின் வீட்டில் போலீசார் புகுந்தார்கள். செடிகளும் சுமார் 12 அவுன்சு கஞ்சாவும் சிக்கின. முதுகு வலியோடும் கல்லீரல் நோயோடும் போராடுகிறவர் அவர். கடையில் வாங்கக் கட்டுபடியாகாமல் தானே வளர்த்தார். டாக்டர் சிபாரிசு இருந்தது.

"8 அவுன்சுக்கு மேல் இருக்கிறதே, கூடுதலாகத் தேவை என்று டாக்டர் சொன்னாரா?" இதுதான் சர்க்கார் வக்கீலின் வாதம். ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கு மாகாண சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2010 ஜனவரி 21-ந்தேதி தலைமை நீதிபதி ரொனால்டு ஜார்ஜ் எழுதிய தீர்ப்பை மற்ற நீதிபதிகள் அனைவரும் ஏற்றார்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் செய்த சட்டத்தை, அவர்களைக் கேட்காமல் சட்டசபை திருத்த முடியாது. ஆகவே அந்த 8 அவுன்சுக் கணக்கைக் காட்டி நோயாளியின் வாதத்தை அடைக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு.

சரியான தீர்ப்பு. ஊரார் போட்ட முடிச்சை ஊரார்தானே அவிழ்க்க வேண்டும்?

கோர்ட்டு இன்னொரு காரியத்தையும் சரியாகச் செய்தது. "8 வேண்டாம், 12 வைத்துக்கொள்" என்று தானே புதுக் கணக்குப் போடவில்லை. தராசு பிடிப்பது நீதிபதியின் வேலை. மருந்து நிறுப்பது அல்ல. அரசாங்க அடையாள அட்டை வாங்கியவர்களை 8 அவுன்சுக்குள் இருந்தால் கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்பையும் அது கலைக்கவில்லை.

மாட்டிய பிறகா தெரிவது?

ஆனாலும் நோயாளியின் கவலை தீர்ந்ததா? இல்லை. எல்லைக்கு மேல் வைத்திருப்பவர் அது தன் நோய்க்குத் தேவையான அளவுதான் என்று கோர்ட்டில் காட்ட வேண்டும். அதாவது, கைதாகி, வக்கீல் வைத்து, கூண்டில் நின்ற பிறகுதான் தன் அளவு சரியா என்று தெரியும்! படுக்கையில் கிடக்கிறவனுக்கு இது ஆகிற காரியமா?

டாக்டரே அளவு எழுதித் தந்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் முட்டுக்கட்டை. 1970-ம் ஆண்டின் மத்திய சட்டம், மருத்துவப் பயன் இல்லாத சரக்கு என்று கஞ்சாவைத் தள்ளி வைத்தது. அதனால் டாக்டர்கள் மருந்துச் சீட்டு எழுத வழியில்லாமல் வெறும் சிபாரிசோடு நின்றார்கள். மாகாணம் அனுமதித்தாலும் மத்திய சட்டம் செல்லும் என்று நாட்டின் சுப்ரீம் கோர்ட்டும் 2005 ஜூனில் 6-க்கு 3 என்ற கணக்கில் சொல்லிவிட்டது.

2016-ல் கலிபோர்னியா ஜனங்கள் 21 வயதானவர் எவரும் 28.5 கிராம் வைத்துக்கொள்ளலாம், 6 செடி வளர்க்கலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். சும்மா புகைப்பவனுக்கு அளவு தெளிவாகிவிட்டது. கூடுதலாகத் தேவைப்படும் நோயாளிதான் இன்னும் விளக்கம் சொல்ல வேண்டியவன். இது வேடிக்கையல்லவா?

கஞ்சாவுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. போதைக்கு விற்பவனைப் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் மருந்து என்று ஒப்புக்கொண்ட பிறகு அளவை டாக்டர் எழுத வேண்டும். அதை மதிக்கும்படி சட்டம் இருக்க வேண்டும். இரண்டும் தவறும்போதுதான் கோர்ட்டுக்கு வேலை. வலியால் துடிப்பவனை முதலில் கோர்ட்டுக்கும் பிறகு டாக்டரிடமும் அனுப்புவது நியாயமே இல்லை!