தொண்டு என்று சொல்லாதீர்கள்

அண்மையில் ஒரு தமிழ் நிகழ்ச்சியில் பேச்சாளர் ஒருவர் பாத்லைட் பள்ளியைப் புகழ்ந்தார். 'கருணை', 'தொண்டு', 'அற்புதம்' மூன்றும் ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டன. அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. ஆட்டிசம் உள்ள பையனுக்குத் தகப்பன் நான். ('மதியிறுக்கம்' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களோடு எனக்குத் தனிச் சண்டை உண்டு.)

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் நிறைவேறி 2003இல் நடப்புக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் தொடக்கப்பள்ளிக்குப் போயாக வேண்டும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. கேட்க இதமாக இருக்கிறது. 'உன் பிள்ளை வராவிட்டாலும் பரவாயில்லை' என்பதுதான் அதன் பொருள். அந்த விலக்கு இருந்த காலத்தில்தான், 2004 ஜனவரியில், ஆட்டிசம் வள நிலையம் 41 மாணவர்களோடு பாத்லைட்டைத் தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவரான டெனிஸ் புவா, ஆட்டிசம் உள்ள மகனின் தாய். பொதுப் பாடத்திட்டமே அங்கும், கூடவே பழகவும் தனியாக வாழவும் பயிற்சி. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். இதில் என்ன அற்புதம்? அந்தப் பிள்ளைகள் முன்பும் இருந்தார்கள், வீட்டுக்குள்ளே. விலக்கு நீங்கியது 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்குத்தான். பெற்றோர் அலைந்து உருவாக்கியதைத் தொண்டு என்று மெச்சினால், பிள்ளைக்கு உரிமையாக வரவேண்டியது தர்மமாகிவிடுகிறது.

இனி நம் கதை. பொதுப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்களுக்கே பாத்லைட். என் மகனால் முடியவில்லை, வேறு சிறப்புப் பள்ளிக்குப் போகிறான். பெரியம்மா கேட்டார்: "அந்தப் பேர்போன ஸ்கூல்ல இடம் கிடைக்கலியாப்பா?" சிறப்புக் கல்வியிலும் நமக்கு டாப் ஸ்கூல் வேண்டும். தேர்வில் தேறிய பிள்ளையின் படம் பேப்பரில் வந்தால் பகிர்கிறோம். பதினான்கு வயதில் என் மகன் தனியாக பஸ் ஏறி, கார்டைத் தட்டி, சரியான நிறுத்தத்தில் இறங்கினானே, அன்று நான் யாரிடம் சொல்வது?

இன்னொன்று. அவனுக்கு நான்கு வயதில் ஒரு நிபுணர், "வீட்ல தமிழ் பேசாதீங்க, குழம்பிடுவான்" என்றார். நம்பினோம். இருமொழிச் சூழல் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பேச்சைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்வதைப் பிறகுதான் படித்தேன். அதற்குள் ஒன்பது வருடம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனும் பாட்டியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள், அவ்வளவுதான். தமிழை வாழவைக்கக் கிளம்பிய எந்த மேடையிலும் இந்தப் பிள்ளைகளின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

அன்றைக்குப் பேச்சாளரிடம் போய் இதைத்தான் கேட்டேன். "அதுக்கெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் இருக்காங்க தம்பி" என்று தோளைத் தட்டிவிட்டு, சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.