பாட்டியின் மெட்டும் பள்ளிக் கணினியும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றினர் நம் முன்னோர். இம்மூன்றனுள் இயலுக்கு ஏடுண்டு, எழுத்துண்டு, அச்சகமுண்டு. இசைக்கோ, அதிலும் எளிய மக்களின் நாட்டுப்புற இசைக்கோ, பாடுவோரின் தொண்டையும் கேட்போரின் செவியுமே ஏடாக இருந்து வந்துள்ளன. தொண்டை ஓய்ந்தால் அவ்வேடும் மறைந்துபோகும். இவ்வுண்மையை நம் பெற்றோரும் மாணவச் செல்வங்களும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் அவாவினாலேயே இக்கட்டுரையை வரைகின்றோம்.

கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் மூதாதையர் கையில் கொண்டுவந்த பொருள் சிறிது. நெஞ்சில் கொண்டுவந்த பாட்டோ பெரிது. தூளியை ஆட்டுங்கால் தாலாட்டு, திருவிழா நாளில் கும்மியும் கோலாட்டமும், இழவு வீட்டில் ஒப்பாரி என அவர்தம் வாழ்வின் ஒவ்வொரு படியிலும் பாட்டு இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் வேர்விட்ட பின்னர் அப்பாட்டுகளில் பால்மரமும் பால்வாளியும் கங்காணியும் தண்டலும் இடம்பெற்றன. இன்று பால்மரம் நின்ற நிலங்களில் பெரும்பகுதியில் செம்பனை நிற்கின்றது. லயங்கள் பல வெறுமையாயின. குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தன. பாட்டறிந்த மூதாட்டியர் முதுமையின் எல்லையில் இருக்கின்றனர்.

பாடல் வரிகளைத் திரட்டி நூலாக்கிய சான்றோர் நம் நாட்டில் உளர். அவர்தம் தொண்டு போற்றுதற்குரியது. ஆயினும் நூலைத் திறந்து வரியைப் படிக்கும் பிள்ளைக்கு மெட்டு தெரிவதில்லை. மெட்டில்லாத தாலாட்டு குழந்தையைத் தூங்கவைக்குமா? வரியைக் காத்தது போல் மெட்டையும் குறியீட்டில் எழுதிக் காக்க வேண்டும் என்பதும், அதற்குப் பிள்ளைகளே கையாளத்தக்க எளிய கணினி மென்பொருளைப் பள்ளிகள் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் எம் உறுதியான கருத்து.

“கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாற் போதாதோ? குறியீடு எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். ஒலிப்பதிவு இன்றியமையாதது, அதை முதலில் செய்தே ஆகவேண்டும். ஆனால் பதிவு என்பது ஒருவர் ஒருநாள் பாடியதன் நிழல். அதைக் கேட்டு மகிழலாம். அதன் அமைப்பை எளிதில் ஆராய இயலாது. குறியீட்டில் எழுதப்பட்ட மெட்டையோ ஒரு பிள்ளை பார்த்துப் பாடலாம்; மற்றொரு பிள்ளை குழலில் ஊதலாம்; பேராக்கில் பாடிய தாலாட்டையும் ஜொகூரில் பாடிய தாலாட்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கலாம். கணினியோ அம்மெட்டை மெதுவாகவும் விரைவாகவும் இசைத்துக் காட்டும். பாட்டியின் தாழ்ந்த சுருதியிலிருந்து பிள்ளைகளின் உயர்ந்த சுருதிக்கு மாற்றியும் தரும்.

எனின், எத்தகைய மென்பொருளைத் தேர்வது? விலையுயர்ந்ததே சிறந்தது என்னும் எண்ணம் நம்மவரிடையே உண்டு. அது பிழையான எண்ணம். பெரிய வாத்தியக் குழுவுக்கு இசையமைப்போர்க்கு நூறு வசதிகள் வேண்டும். ஒரு கும்மிப் பாட்டுக்கு வேண்டியது ஒற்றை வரி மெட்டும், அதன்கீழ்ச் சொற்களும், அதை இசைத்துக் காட்டும் ஒலியுமே. ஆகவே ஐந்து வினாக்களை எழுப்பிப் பார்க்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொள்கின்றோம். பத்து வயதுப் பிள்ளை சில நாளில் பழகிக்கொள்ளுமா? விலையின்றிக் கிடைக்குமா? பள்ளியிலுள்ள பழைய கணினியில் இயங்குமா? தமிழ் எழுத்தைச் சிதையாமல் காட்டுமா? இம்மென்பொருள் நாளை மறைந்தாலும் நாம் எழுதியது பிறிதொன்றில் திறக்குமா?

இவ்வினாக்களுக்குப் பெரிதும் ஈடுகொடுப்பது ‘ஏபிசி’ எனப்படும் குறியீட்டு முறை. கிறிஸ் வால்ஷா என்பார் நாட்டுப்புற மெட்டுகளை எழுத்துகளால் குறித்துவைக்க 1980களில் தொடங்கிய பழக்கம், 1993இல் ஒரு கணினி நிரலாக உருப்பெற்றது. நாட்டுப்புற இசைக்கென்றே பிறந்த முறையாதலின் இதன் எளிமை வியக்கத்தக்கது. சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்னும் ஏழு ஆங்கில எழுத்துகளே ஏழு சுரங்கள். சங்கராபரணத்தின் ச, ரி, க, ம, ப, த, நி என்பவற்றை முறையே இவ்வேழாகக் கொண்டால் போதும். பெரிய எழுத்து கீழ்த்தாயியைக் குறிக்கும்; சிறிய எழுத்து அதற்கு மேலுள்ள தாயியைக் குறிக்கும். எழுத்தின் பின் 2 என்று இட்டால் சுரம் இருமடங்கு நீளும். தாளப் பகுப்புக்கு ஒரு நேர்கோடு. “ச ச ரி க” என்பதைக் கணினியில் “சி சி டி ஈ” எனத் தட்டெழுதினாலே ஓர் அடியின் தொடக்கம் எழுதப்பட்டுவிடும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசைக்கும் பெயர் வைத்த இனத்துப் பிள்ளைகளுக்கு இது கடினமாகுமோ?

இம்முறையில் எழுதியது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு மடல் அளவுக்கும் குறைவானது. எந்தக் கணினியிலும் திறக்கும். தாளில் அச்சிட்டாலும் படிக்கலாம். தலைப்பு, தாள அளவு, பாடியவர், பாடிய இடம் ஆகியவற்றை மேலே குறித்துவைக்கத் தனித்தனி வரிகள் உண்டு. சொற்களைச் சுரத்தின்கீழ் அமைக்கவும் வரியுண்டு. ‘ஈசி ஏபிசி’ என்னும் விலையில்லா மென்பொருளில் இவ்வெழுத்துகளைத் தட்டெழுதினால், ஐந்து கோட்டு இசைக்குறியீடாக அவற்றை வரைந்து காட்டி, இசைத்தும் காட்டும். கணினி இல்லாத வீட்டார் கைப்பேசியின் இணைய உலாவியிலேயே இப்பணியைச் செய்யத்தக்க தளங்களும் உள்ளன. ரெக்கார்டர் குழலைப் பள்ளியில் ஊதப் பழகிய பிள்ளை, திரையில் தோன்றும் ஐந்து கோட்டைப் பார்த்துத் தன் பாட்டியின் மெட்டை உடனே ஊதலாம்.

குறியீட்டைச் சுட்டியால் நேரே ஐந்து கோட்டில் இட விரும்புவோர்க்கு ‘மியூஸ்ஸ்கோர்’ ஏற்றது. 2002இல் வெர்னர் ஷ்வீர் என்பார் தொடங்கிய இதுவும் விலையின்றிக் கிடைக்கின்றது. அழகிய அச்சுப் படிவம் தரும். பல வாத்தியங்களை அடுக்கவும் இயலும். ஆயினும் வசதிகள் மிகுந்திருப்பதால் சிறு பிள்ளைகள் தொடக்கத்தில் தடுமாறுவர். ஆகவே பிள்ளைகள் ஏபிசி முறையில் எழுதட்டும். ஆண்டுவிழா மேடைக்கும் மலருக்கும் வேண்டிய படிவத்தை ஆசிரியர் மியூஸ்ஸ்கோரில் அமைக்கட்டும். இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக ‘மியூசிக் எக்ஸ்எம்எல்’ என்னும் பொதுக் கோப்பு வடிவம் இருக்கின்றது.

பொதுவடிவத்தை ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம்? 1988இல் தோன்றி இசைத்துறை அறிஞர் பலர் பயன்படுத்திவந்த ‘ஃபினாலே’ என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் வளர்ச்சிப் பணியை நிறுத்திக்கொள்வதாக அதன் நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அறிவித்தது. அதில் ஆண்டுக்கணக்காக எழுதிவைத்தோர் தம் படைப்புகளைப் பொதுவடிவத்துக்கு மாற்றிக் காக்க வேண்டியவராயினர். நமக்கும் இத்தகைய பட்டறிவு உண்டு. 1985இல் முரசு அஞ்சல் போன்ற முயற்சியைத் தொடங்கிக் கணினியில் தமிழுக்கு இடந்தேடித் தந்தது நம் மலேசிய மண். ஆயினும் ஒருங்குறி பரவுவதற்கு முன் பற்பல குறியாக்கங்களில் தட்டெழுதப்பட்ட தமிழ்க் கோப்புகள் இன்று திறந்தால் புரியாக் கோலமாய்த் தோன்றுவதை அறிந்தவர் அறிவர். எழுத்துக்கு நேர்ந்தது மெட்டுக்கும் நேரவேண்டா.

இனி, இசையறிந்தோர் கூறும் மறுப்பு ஒன்றுண்டு. ஒப்பாரியின் விம்மலையும் தாலாட்டின் குழைவையும் ஐந்து கோட்டுக்குள் அடைக்க இயலாது என்பர். இது முற்றிலும் உண்மை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குரலைத் தனித்தனி எழுத்துகள் முழுதாகப் பிடிக்கமாட்டா. கணினியின் ஒலியில் பாட்டியின் மூச்சு இல்லை. தாளக்கட்டின்றி ஓடும் ஒப்பாரியை வலிந்து தாளத்தில் பூட்டினால் அது ஒப்பாரியாகவே இராது; அத்தகைய பாடலைத் தாள அளவு குறியாமல் எழுத ஏபிசி முறையில் வழியுண்டு, அவ்வழியையே கொள்ளல் வேண்டும். குறியீடு எலும்புக்கூடு, பதிவு செய்த குரலே தசையும் உயிரும். இரண்டையும் ஒரே பெயரிட்டு ஒன்றாக வைப்பதே முறை. முழுதும் இயலாது என்பதற்காக இயன்றதையும் விடுவது அறிவுடைமையாகாது.

தோட்டத்துப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். “எங்களுக்குக் கணினி தெரியாது; இசையும் தெரியாது” என ஒதுங்கிவிடாதீர்கள். கணினியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் செய்யவேண்டியது, வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ பாடும்போது பிள்ளையை அருகில் அமர்த்துவதுதான். அவர்களிடம் இசைவு பெற்றுப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டத்தில், எவரிடம் கற்றார் என்பதையும் கேட்டெழுதுங்கள். “இதெல்லாம் ஒரு பாட்டா” என்று மூத்தோர் கூச்சப்படுவர். பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து, மரம் வெட்டிப் பால் சுமந்த கைகளே அத்தூளியையும் ஆட்டின. அக்கூச்சத்தை நீக்கவேண்டியது நம் கடமை.

ஆசிரியப் பெருமக்கள் ஆண்டுக்கு வகுப்புக்கு ஒரு பாட்டு என்று தொடங்கினாற் போதும். ஆறு வகுப்புகள் உள்ள பள்ளியில் பத்தாண்டில் அறுபது மெட்டுகள் சேரும். அண்டைப் பள்ளிகளும் சேர்ந்தால் அது பெருங் கருவூலமாகும். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை; பள்ளிக் கணினியும் ஒரு கைப்பேசியும் விருப்பமும் போதும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்காகப் பாடப்பட்ட தாலாட்டு உங்களுக்கு நினைவிராது, பாடியவர்க்கு நினைவிருக்கும். இப்பள்ளி விடுமுறையில் அவரிடம் சென்று கேளுங்கள். ஏழெழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோமாக.

வாழ்க தமிழிசை! வளர்க நம் பள்ளி!